காவலும் ஈடும்: மாடிக் குடியிருப்பில் மோட்டார் வண்டி

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு என்பது பெரும்பாலும் மூன்றாம் மாடியிலோ பன்னிரண்டாம் மாடியிலோ அமைந்த சில அறைகளே. அவ்வறைகளுக்கு அடுத்தபடியாக நாம் பெரும்பணம் செலுத்தி வாங்கும் பொருள் மோட்டார் கார். அதுவோ நம்முடன் மாடியேறி வருவதில்லை. இரவு முழுவதும் கீழே, தூண்களுக்கு நடுவிலோ சுற்றுச்சுவரின் ஓரத்திலோ, இடம் இல்லாவிடில் தெருவிலோ நிற்கிறது. காலையில் சாவியும் கையுமாக இறங்கி வரும்போது அது நின்ற இடம் வெறுமையாக இருந்தால் நாம் யாரைக் கேட்பது? வாயிற் காவற்காரரையா, குடியிருப்புச் சங்கத்தையா, போலீசாரையா, ஆண்டுதோறும் பிரிமியம் பெற்றுக்கொள்ளும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையா?

இக்கேள்வி பார்வைக்குச் சிறியது. இதன் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பொருளைக் காப்பது ஒரு கடமை. காவல் தவறிப் பொருள் போனால் அதற்கு ஈடு தருவது மற்றொரு கடமை. இவ்விரண்டும் ஒரே கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. பின்னர் அவை பிரிந்தன. காப்பவர் ஒருவர், ஈடு செய்பவர் வேறொருவர் என்று ஆயிற்று. அடுக்குமாடி வாழ்க்கை வந்தபின் இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் அகன்றது. அந்த இடைவெளியில்தான் நம் கார் நின்றுகொண்டிருக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இன்று நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் இங்கே காண்போம்.

முதலில் நம் சொந்த நாட்டுப்புறத்தை நினைத்துப் பார்ப்போம். சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் வரி குறிக்கப்படுகிறது. ஊரைக் காப்பதற்காக ஊரார் செலுத்திய வரி அது. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல் முறை உறுதிபெற்று நின்றது. தேசகாவல், ஸ்தலகாவல் என்று அதில் பிரிவுகளும் இருந்தன. விளைச்சலில் ஒரு பங்கையோ பணத்தையோ காவற்கூலியாகக் குடிகள் கொடுத்தனர். மாடு களவுபோனால் காவலர் அதைத் தேடிக் கொணர வேண்டும். கொணர இயலாவிடில் அதன் மதிப்பை ஈடு செய்ய வேண்டும். காவலும் ஈடும் அங்கே ஒரே ஒப்பந்தம். ஈடு தர வேண்டியவரே காவல் புரிந்தமையால், காவலில் கருத்தாக இருப்பது அவருக்கே ஆதாயமாயிற்று.

அம்முறையைப் பொற்காலமென்று புகழ்வதற்கில்லை. கூலி கொடாதவரின் மாடு மறுநாளே மறைந்ததும் உண்டு. களவுபோன மாட்டை மீட்க இடையில் நிற்பவருக்குத் ‘துப்புக்கூலி’ அழுததும் உண்டு. காவல் என்பது பல இடங்களில் மிரட்டலாகவே மாறிவிட்டது. பாளையக்காரரின் காவல் உரிமைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீக்கினர். வழக்கம் என்ற அளவில் அது சிற்றூர்களில் நெடுங்காலம் நீடித்தது. 1859ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கெனப் போலீஸ் சட்டம் இயற்றப்பட்டது. அது முதல் காவல் அரசாங்கத்தின் முறையான பணியாயிற்று. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். போலீசார் கள்வனைத் தேடுவர். பொருள் கிடைத்தால் நீதிமன்றத்தின் வழியே திருப்பித் தருவர். கிடைக்காவிடில் அவர்கள் ஈடு தருவதில்லை. காவல் அரசிடம் சென்றபோது ஈடு என்னும் கடமை உடன் செல்லவில்லை. அது வேறொரு வாயிலிலிருந்து வர வேண்டியிருந்தது.

அந்த வாயில் கடல் வழியே திறந்தது. கப்பற் சரக்கு மூழ்கினால் வணிகர் பலரும் இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே பொது இன்ஷூரன்ஸின் மூலம். 1850ஆம் ஆண்டில் கல்கத்தாவில் டிரைட்டன் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி தோன்றியது. உயிர்க் காப்பீடு அல்லாத பொதுக் காப்பீட்டுக்கென நம் நாட்டில் ஏற்பட்ட முதற் கம்பெனி அதுவே. 1907இல் பம்பாயில் இந்தியன் மெர்க்கன்டைல் கம்பெனியும், 1919இல் அதே நகரில் சர் தோராப்ஜி டாட்டா நிறுவிய நியூ இந்தியாவும் தோன்றின. இவை இந்தியர் முயற்சிகள். இவற்றின் முறை காவல் முறைக்கு நேர்மாறானது. கம்பெனி எவர் வீட்டு வாயிலிலும் நின்று காவல் புரியாது. ஆயிரம் பேரிடம் சிறு தொகை பெற்று, இழந்த சிலருக்குப் பெருந்தொகை தரும். காவலை உடைமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையின் பேரிலேயே பாலிசி எழுதப்பட்டது.

மோட்டார் வண்டி நம் நாட்டிற்கு 1890களின் இறுதியில் வந்தது. அதை வாங்கியவர் சமஸ்தானாதிபதிகள், வெள்ளைக்காரத் துரைமார், பெருவணிகர் ஆகியோரே. அவர்களுக்குத் தோட்டத்துடன் கூடிய பங்களாக்கள் இருந்தன. குதிரை லாயம் மோட்டார்க் கொட்டகையாக மாறிற்று. அதன் அருகிலேயே ஓட்டுநர் குடியிருந்தார். கதவும் பூட்டும் காவலாளும் வீட்டோடேயே இருந்தன. மோட்டார் பாலிசியில் தீ, வெடிப்பு, விபத்து என்பவற்றோடு களவும் ஓர் இனமாக இடம்பெற்றது. ‘வண்டியைக் காக்கத் தக்க நடவடிக்கை எல்லாம் உடைமையாளர் எடுக்க வேண்டும்’ என்ற கருத்துள்ள நிபந்தனையும் உடன் வந்தது. பங்களாவில் வாழ்ந்தவருக்கு அந்த நிபந்தனை சுமையாகவே இல்லை. இன்று பல நூறு குடும்பங்கள் வாழும் கட்டடத்தின் அடியில் வண்டியை விடும் நமக்கும் அதே கருத்துள்ள நிபந்தனைதான்.

இதனிடையே சட்டம் வேறொரு பக்கம் கவனம் செலுத்திற்று. வண்டியால் அடிபடும் வழிப்போக்கருக்கு ஈடு கிடைக்க வேண்டுமே! பிரிட்டனில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் அதைச் செய்தது. யுத்தத்தின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டு, 1946 ஜூலை முதல் தேதியன்றுதான் அவ்வத்தியாயம் செயலுக்கு வந்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக 1988இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இக்கட்டாயத்தை நிலைநிறுத்திற்று. ஆகவே நாம் செலுத்தும் பிரிமியத்தில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, பிறருக்காக நாம் செலுத்துவது, அது கட்டாயம். மற்றொன்று, நம் வண்டிக்காக நாம் செலுத்துவது. அது நம் விருப்பம். களவுக்கான ஈடு இந்த இரண்டாம் பகுதியைச் சேர்ந்தது. கட்டாயப் பகுதியை மட்டும் செலுத்திவிட்டு, ‘நம் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்று நிம்மதியாக உறங்குவோர் களவு நேர்ந்தபின்னரே உண்மையை உணர்கின்றனர்.

இந்த மயக்கத்திற்கு அண்மைக்காலத்தில் ஒரு புதிய காரணமும் சேர்ந்துள்ளது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, புதிய கார் வாங்குவோர் மூன்றாம் நபருக்கான பகுதியை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஏற்பட்டது. சொந்த வண்டிக்கான பகுதியையோ ஓராண்டுக்கு மட்டும் எடுக்கலாம். பலர் அவ்வாறே எடுக்கின்றனர். பாலிசித் தாளில் மூன்றாண்டுத் தேதியைக் கண்டு மகிழ்ந்திருக்கும்போதே, முதலாண்டு முடிவில் களவுக்கான காப்பு ஓசையின்றி நீங்கிவிடுகிறது. பாலிசித் தாளில் இரு தேதிகளையும் தனித்தனியே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம்மவர் குடியேறிய நகரங்களுக்கு வருவோம். பம்பாயை எடுத்துக்கொள்ளலாம். 1896ஆம் ஆண்டில் அங்கே பிளேக் நோய் பரவிற்று. நெரிசலைக் குறைக்க 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. அதன் திட்டங்களுள் ஒன்றாகத் தாதர், மாதுங்காப் பகுதி உருவாயிற்று. ரயில்வேயிலும் வங்கிகளிலும் வணிக நிலையங்களிலும் வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் மாதுங்காவில் நிலைகொண்டன. மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள், அகன்ற தெருக்கள், தோட்டங்கள் என எல்லாம் அமைந்தன. கார் நிறுத்த இடம் மட்டும் பெரிதாகக் கருதப்படவில்லை. கருதப்படாததில் வியப்பும் இல்லை. டிராமிலும் மின்சார ரயிலிலும் அலுவலகம் சென்ற குமாஸ்தாவுக்குக் கார் எதற்கு? வசதி மிக்க சில கட்டடங்களின் பின்புறத்தில் மட்டும் கதவிட்ட கார் ஷெட்டுகள் இருந்தன.

விடுதலைக்குப் பின்னரும் கார் அரிய பொருளாகவே இருந்தது. கல்கத்தாவில் அம்பாசடரும், பம்பாயில் பியட்டும், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தயாராயின. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் கார் களவுபோவது இரட்டை இழப்பு. ஈட்டுத்தொகை கிடைத்தாலும் அடுத்த வண்டிக்கு மீண்டும் காத்திருப்பே மிச்சம். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கத் தலைப்பட்டன. ஒரு கட்டடத்தில் ஒன்றிரண்டாக இருந்தவை இருபது முப்பதாகப் பெருகின. கட்டடத்தின் அமைப்பும் அதற்கேற்ப மாறிற்று. தரைத்தளத்தில் வீடு கட்டாமல், தூண்களை மட்டும் நிறுத்தி, அவற்றினிடையே வண்டிகள் நிற்க இடம் விட்டனர். சுவரும் கதவும் பூட்டும் மறைந்து, வெள்ளைக் கோடிட்ட ஒரு நீள்சதுரம் மட்டும் எஞ்சிற்று.

அந்த நீள்சதுரம் யாருடையது? கட்டடம் கட்டுவோர் அதைத் தனியே விலைக்கு விற்றுவந்தனர். மகாராஷ்டிரத்தின் 1963ஆம் ஆண்டு அடுக்கு வீட்டு உடைமைச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தூண்களுக்கிடையே உள்ள திறந்த இடம் ‘கார் ஷெட்’ ஆகாது. அது பொது இடம். அதைத் தனியாக விற்கக் கட்டடம் கட்டுவோருக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமாக இயற்றப்பட்ட மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டமும், கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ளதே கார் ஷெட் என்று வரையறுத்தது; திறந்த நிறுத்துமிடங்களைப் பொது இடத்தில் சேர்த்தது. குடியிருப்போருக்கு இது நன்மையே. ஆனால் இடம் பொதுவானபோது அதன் காவலும் பொதுவாகிவிட்டது. எல்லாருக்கும் பொறுப்பான இடம் என்பது, விழிப்பு இல்லாவிடில், எவருக்கும் பொறுப்பற்ற இடமாகிவிடும் அன்றோ?

கட்டடங்கள் இவ்வாறு மாறிவந்த காலத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம் எப்படி வகுக்கப்பட்டது? 1968ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கட்டண ஆலோசனைக் குழு ஒன்று சட்டபூர்வமாக அமைந்தது. 1973 ஜனவரி முதல் தேதியன்று பொது இன்ஷூரன்ஸ் தேசவுடைமையாகி, 107 கம்பெனிகள் நான்காகத் தொகுக்கப்பட்டன. கல்கத்தா, பம்பாய், டெல்லி, சென்னை ஆகிய நகரங்களில் அவற்றின் தலைமையகங்கள் அமைந்தன. எந்தக் கம்பெனிக்குச் சென்றாலும் ஒரே கட்டணம். 2002 ஜூலையில் வந்த இந்திய மோட்டார்க் கட்டண விதி அம்முறையின் கடைசிப் பெரும் வடிவம் எனலாம்.

அவ்விதி நாட்டை இரு மண்டலங்களாகப் பிரித்தது. அகமதாபாத், பெங்களூர், சென்னை, ஐதராபாத், கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி, புனே ஆகிய எட்டு நகரங்களும் முதல் மண்டலம். ஏனைய ஊர்களெல்லாம் இரண்டாம் மண்டலம். ஐந்து ஆண்டுக்கு மேற்படாத, ஆயிரம் சி.சி. வரையுள்ள காருக்கு, முதல் மண்டலத்தில் மதிப்பின்மீது நூற்றுக்கு 3.127 வீதம், இரண்டாம் மண்டலத்தில் 3.039 வீதம். நான்கு லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார் மும்பையில் பதிவானதாயின் சொந்த வண்டிக்கான பிரிமியம் 12,508 ரூபாய். திருநெல்வேலியில் பதிவானதாயின் 12,156 ரூபாய். வித்தியாசம் 352 ரூபாய்தான். அங்கீகாரம் பெற்ற களவுத் தடுப்புக் கருவியைப் பொருத்தியவருக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் தள்ளுபடி உண்டு. அதுவும் 500 ரூபாய்க்கு மேற்படாது. மேற்சொன்ன மும்பைக் காருக்கு அது ஏறக்குறைய 313 ரூபாய்.

இக்கணக்கில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வண்டி இரவில் பூட்டிய ஷெட்டில் நிற்கிறதா, தூணோரத்தில் நிற்கிறதா, தெருவில் நிற்கிறதா என்பதற்குக் கட்டண வீதத்தில் இடமே இல்லை. குடியிருப்போர் ஒன்றுகூடிச் சுவரை உயர்த்தி, வாயிலில் ஆள் நிறுத்தி, விளக்கும் ஒளிப்படக் கருவியும் வைத்தாலும், அதற்காக எவருக்கும் ஒரு ரூபாயும் குறையவில்லை. மண்டலமோ பதிவு செய்த அலுவலகத்தின் இடத்தைப் பொறுத்தது. ஊரில் பதிவு செய்து மும்பையில் நிற்கும் வண்டிக்கும் ஊர்க் கட்டணமே. பழைய காவல் முறையில் காவலுக்கும் ஈட்டுக்கும் இருந்த தொடர்பு இங்கே முற்றிலும் அறுந்து நின்றது.

2007 ஜனவரி முதல் தேதியன்று சொந்த வண்டிக்கான கட்டணம் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. கம்பெனிகள் தாமே வீதத்தை வகுக்கலாயின. மூன்றாம் நபருக்கான பகுதி மட்டும் அரசின் அறிவிப்புப்படி நின்றது. 2022 ஜூன் முதல் தேதியன்று செயலுக்கு வந்த வீதத்தில், ஆயிரம் சி.சி. வரையுள்ள காருக்கு அது ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். போட்டியினால் சொந்த வண்டிக்கான பகுதி குறைந்தது நன்மையே. எனினும் கட்டணம் குறைவு என்று காட்டுவதற்காக வண்டியின் மதிப்பையே குறைத்து எழுதும் வழக்கமும் உடன் வளர்ந்தது. களவு நேர்ந்தால் கிடைக்கும் ஈடு, பாலிசியில் குறித்த அந்த மதிப்பே. ஒரு சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, பல பதினாயிரங்களை நாமே கைவிட்டவர் ஆவோம்.

அம்மதிப்பு எவ்வாறு தேய்கிறது என்பதையும் அறிய வேண்டும். வழக்கமான அளவின்படி, விற்பனை விலையிலிருந்து முதல் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என்று கழிக்கப்படும். எட்டு லட்சம் ரூபாய்க் கார் மூன்றரை ஆண்டில் 4,80,000 ரூபாய் ஆகிவிடுகிறது. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அம்மதிப்பில் சேருவதில்லை. வங்கிக் கடன் நிலுவை இதற்கு மேற்பட்டிருந்தால், வண்டியும் இல்லாமல் தவணையும் கட்டும் நிலை நேரும். இழந்த வண்டியின் முழு விலைப்பட்டியல் தொகையையும் தரும் கூடுதல் காப்பு சில நூறோ சில ஆயிரமோ அதிகம் செலுத்தினால் கிடைக்கிறது. அது பொதுவாகப் புதிய வண்டிகளுக்கே பயன்படும்; கடன் வாங்கி வண்டி எடுத்தோர் முதல் ஆண்டுகளில் அதை எண்ணிப் பார்க்கத் தகும்.

களவைத் தடுக்கும் பூட்டின் வரலாறும் நமக்கு ஒரு பாடம் தருகிறது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி, பழைய வண்டி, புதிய வண்டி எல்லாவற்றிற்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. கார்க் களவு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டன் பத்தாண்டுகளுக்குப் பின் அதைப் புதிய வண்டிகளுக்கு மட்டும் கட்டாயமாக்கிற்று. அங்கே கள்வர் புதிய வண்டியை விடுத்துப் பழைய வண்டியை நாடினர். ஒரு வண்டிக்கு இட்ட பூட்டு கள்வனை அடுத்த வண்டிக்குத் துரத்திற்று, அவ்வளவே. பின்னர் வந்தது, உரிய சாவியின் மின் அடையாளம் இல்லாவிடில் எஞ்சின் உயிர்பெறாத கருவி. ஐரோப்பிய நாடுகள் 1998 முதல் அதைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கின. இன்றோ கள்வர் சாவியின் மின்னலையையே தூரத்திலிருந்து கடத்தி வண்டியைத் திறக்கக் கற்றுவிட்டனர். ஆகவே நம் வண்டிக்கு மட்டும் நல்ல பூட்டு வாங்குவது பாதி வேலை. முழு வேலை, கட்டடத்திலுள்ள எல்லா வண்டிகளுக்குமான வாயிலைக் காப்பதே.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் கூறிய விடை என்ன? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு தெளிவான நெறியைத் தருகிறது. பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர், அறிவுள்ள ஒருவர் தம் பொருளை எவ்வாறு காப்பாரோ அவ்வாறு அதைக் காக்க வேண்டும். 1998ஆம் ஆண்டில் டெல்லியிலுள்ள ஒரு பெரிய விடுதியில், விருந்தினர் ஒருவர் சாவியுடன் ஒப்படைத்த கார் களவுபோயிற்று. இரவல் சீட்டில் ‘பொறுப்பு உடைமையாளருடையதே’ என்று அச்சிட்டிருந்தது. ஆயினும் தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு விடுதி பொறுப்பேற்றே தீர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சாவியை வாங்கியவர் பொறுப்பையும் வாங்கியவர் ஆகிறார்.

நம் குடியிருப்பிலோ சாவி நம்மிடமே இருக்கிறது. சங்கம் இடத்தைத் தருகிறது. வண்டியை ஒப்படைப்பாகப் பெறுவதில்லை. ஆதலின் களவுக்குச் சங்கம் ஈடு தர வேண்டுமென்று வாதிடுவது பொதுவாக எளிதன்று. காவற்காரரின் சொற்பச் சம்பளத்திலிருந்து ஈடு கோருவதோ நியாயமும் அன்று. இன்னொரு வழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் வண்டி துடைக்க வருபவரிடம் சாவியையே கொடுத்துவைப்போர் நம்மிடையே பலர். அவரை ஐயுறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பத்து வீட்டுச் சாவிகள் ஓர் ஆணியில் தொங்குமாயின், களவு நேர்ந்தபின் ‘தக்க நடவடிக்கை எடுத்தேன்’ என்று கம்பெனியிடம் நாம் சொல்வது கடினம். சாவியை வண்டியிலேயே விட்டு ஓட்டுநர் இறங்கியபோது களவுபோன ஒரு லாரியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023இல் ஈட்டுத்தொகையில் நூற்றுக்கு 75 பங்கை மட்டும் அளித்தது. கவனக்குறைவின் விலை அங்கே கால் பங்கு.

களவு நேர்ந்தால் முதற் கடமை போலீசாரிடம் உடனே புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையைப் பதிவுசெய்வது. அன்றே கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பது. புகாரை உடனே பதிவுசெய்திருந்தால், கம்பெனிக்குத் தெரிவிப்பதில் நேர்ந்த தாமதத்தை மட்டுமே காரணமாகக் காட்டி ஈட்டை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. வண்டி கிடைக்கவில்லை என்று போலீசார் தரும் இறுதி அறிக்கை வந்தபின்னரே பொதுவாக ஈடு தீர்க்கப்படும். அப்போது கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். நம்மவர் பலரின் இரண்டாம் சாவி ஊரில் பெற்றோர் வீட்டு அலமாரியில் இருக்கும். அல்லது எங்கே இருக்கிறதென்றே தெரியாதிருக்கும். இன்றைக்கே அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கே உரிய கடமைகளும் சில உள்ளன. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டுமென்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர் முதலியோருக்கு 2021 செப்டம்பர் முதல் ‘பி.எச்.’ வரிசைப் பதிவு கிடைக்கிறது. முகவரி மாறியதையும் பதிவெண் மாறியதையும் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் திருத்தம் பெற வேண்டும். ஈடு கேளாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, 20இல் தொடங்கி 25, 35, 45 என்று உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் நூற்றுக்கு 50 வரை செல்லும். அது வண்டிக்குரியதன்று, உடைமையாளருக்குரியது. ஊரிலுள்ள பழைய காரை விற்றுவிட்டு இங்கே புதிது வாங்கினாலும் அதை உடன் கொண்டுவரலாம். பாலிசி காலாவதியாகித் தொண்ணூறு நாள் கடந்துவிட்டால் அத்தள்ளுபடி அழிந்துவிடும்.

காவலும் ஈடும் ஒரே கையில் இருந்த பழைய முறையை நாம் மீட்க முடியாது. அதன் தீமைகளை எண்ணினால் மீட்கவும் வேண்டா. ஆனால் பிரிந்து நிற்கும் இரண்டையும் ஓர் ஏட்டில் அருகருகே எழுதிவைக்க நம்மால் இயலும். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் குழாய் ரிப்பேரும் வண்ணப் பூச்சும் பேசப்படுகின்றன. வண்டிக் காவல் பேசப்படுவது அரிது. எந்த வண்டி எவருடையது, இரவில் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே சென்றது, ஓட்டியவர் யார் என்னும் குறிப்பு வாயிலில் ஒழுங்காக எழுதப்பட வேண்டும். காவற்காரருக்கு இரவில் உட்கார ஓரிடமும், அவசரத்தில் அழைக்க ஒரு தொலைபேசியும், முறை மாற்ற மற்றோர் ஆளும் வேண்டும். கருவிகள் பதிவுசெய்யும் காட்சிகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன என்பதை உறுப்பினர் அறிந்திருக்க வேண்டும். களவு நேர்ந்த மறுநாள் போலீசாருக்கும் கம்பெனிக்கும் காட்ட நம்மிடம் இருக்கும் சான்று இவையே.

புதிய ஊரில் நாம் மொழி தெரியாதவராக வந்திருக்கலாம்; சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து பழகியிருக்கலாம். எனினும் நம் உழைப்பின் பெரும்பங்கு அந்தத் தூண்களுக்கிடையே இரவெல்லாம் நிற்கிறது. அடுத்த கூட்ட அறிவிப்பு வரும்போது ‘வண்டிகளின் காவல்’ என்ற ஒரு வரியைப் பொருள்நிரலில் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதுவோம். அதற்கு முன், இன்றிரவே, பாலிசியை எடுத்துத் தேதியையும் மதிப்பையும் முகவரியையும் ஒருமுறை படித்துப் பார்ப்போம்.